இன்ஜினை இறக்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சேலம் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். தறிக்காரர்களிடம் சேலைக் கட்டுகளை வாங்கி மொத்த வியாபாரியிடம் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். 2010-இல் புதிதாக வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறார். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். நடுவில் மீட்டர் கேபிள் அறுந்து ஒரு வருடம் சும்மா இருந்ததால் உண்மைக் கணக்கு இன்னும் கூடுதலாக இருக்கும் என்கிறார்.

மூன்று மாதமாக வண்டியில் விதவிதமான சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'கட கட'வென்று அடிக்கிறது, அரை நிமிடத்தில் அடங்குகிறது. பின்னால் 40, 50 கிலோ கட்டு ஏற்றிக்கொண்டு 40 வேகத்தைத் தாண்டினால் 'ஊய்ங்' என்று இழுக்கிறது, இடையிடையே 'கர கர' என்கிறது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், "ஆனால் அது சின்ன சத்தம்தான்."

ஒரு மெக்கானிக் ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு, "இன்ஜின் போச்சு, இறக்கணும், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். இன்னொருவர் கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்று 20W-50 ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா மகன், "பதினைந்து வருடம் ஆனால் சட்டப்படி ஓட்டவே கூடாது சித்தி, இப்போதே தள்ளிவிடுங்கள்" என்கிறார். மெக்கானிக்குகள் இருவருமே தன்னிடம் பேசாமல், கூடப் போன மகனிடமே பேசினார்கள் என்ற வருத்தமும் அவருக்கு இருக்கிறது. "யாரை நம்புவது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சத்தத்துக்குப் பெயர் தேடி மிகவும் சிரமப்பட்டிருக்கிறீர்கள். 'கட கட' என்று எழுதி, அடித்துவிட்டு, 'தட தட' என்று எழுதி, மறுபடி 'கட கட'வுக்கே வந்திருக்கிறீர்கள். அதற்காக அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். ஒரே சத்தத்தை ஒருவர் கட கட என்பார், இன்னொருவர் டிக் டிக் என்பார். ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவன் நான். மாணவர்களிடம் முதல் நாளே சொல்வது இதைத்தான்: என்ன சத்தம் என்று கேட்காதே, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேள்.

அந்த 'எப்போது' உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "காலையில் மட்டும்தான்." "பொங்கலுக்கு முன்னால் செயினை டைட் வைத்த பிறகு." "பாலத்து ஓரப் பள்ளத்தில் கட்டோடு விழுந்து எழுந்த பிறகு." இந்த மூன்று வரிகளும் மூன்று வேறு வேறு இடங்களைக் காட்டுகின்றன. மூன்றும் ஒரே மாதத்தில் தொடங்கியதால் ஒரே கோளாறு என்று நினைத்துவிட்டீர்கள். உங்களிடம் பன்னிரண்டாயிரம் கேட்டவரும் அப்படியே நினைத்திருக்கலாம். என் கணிப்பில் இவை மூன்று தனித்தனி வேலைகள். அதில் இரண்டுக்கு இன்ஜினோடு சம்பந்தமே இல்லை.

வண்டியை நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. பெரிய கருவி எதுவும் வேண்டாம். மகன் கூட இருக்கட்டும். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டா என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கமும் பின் சக்கரத்தின் பக்கமும் கை போகவே கூடாது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் கேள்வி: நிற்கும்போதா, ஓடும்போதா?

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே கேட்கும் சத்தம் இன்ஜின் பக்கத்துச் சத்தம். அப்போது கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச், கியர் பக்கம் பார்க்க வேண்டும். மாறாவிட்டால் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்), டைமிங் செயின், பிஸ்டன் பக்கம்.

அடுத்தது ரோட்டில். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் சத்தம் வரும் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும், வண்டி மட்டும் உருளும். அப்போதும் சத்தம் அதே மாதிரி தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால், அது இன்ஜின் இல்லை. செயின், சக்கர பேரிங், பிரேக், மீட்டர் கேபிள் என்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் சத்தமும் நின்றுவிட்டால் இன்ஜின் இழுவையோடு சேர்ந்த சத்தம். சோதனைக்காக ஓடும் வண்டியில் சாவியை அணைக்க வேண்டாம், கிளட்ச் மட்டும் போதும்.

இந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது. இவற்றைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்வது, நாடி பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குச் சமம்.

இப்போது உங்கள் மூன்று சத்தங்களுக்கு வருகிறேன். நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கப் போகிறேன்.

முன்னால் வரும் 'டக்'

"சின்ன சத்தம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அந்தச் சின்ன சத்தம்தான். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் பெரும்பாலும் உங்களை வழியில் நிறுத்தும், அவ்வளவுதான். முன்பக்கம் தளர்ந்திருந்தால் வளைவிலும் திடீர் பிரேக்கிலும் வண்டி உங்கள் கைக்கு அடங்காமல் போய்விடும்.

ஹேண்டில்பார் சுழல்வது கோன் செட் என்று நாம் சொல்லும் பால் ரேஸ் வளையங்களின் மேல். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே இரும்புக் குண்டுகள். கட்டு ஏற்றிய வண்டி பள்ளத்தில் விழும்போது அந்தக் குண்டுகள் ரேஸில் அடித்துச் சின்னச் சின்னக் குழி போட்டுவிடும். நட்டும் தளரும்.

பார்க்கும் விதம் இது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் மகனை அமுக்கச் சொன்னால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். நீங்கள் முன்னால் உட்கார்ந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். மேலே கழுத்தில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சரியாக நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் உட்காருவது போலச் 'சிக்' என்று நின்றால் ரேஸில் குழி விழுந்துவிட்டது. அதற்கு மேல் நட்டை டைட் வைத்துப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

அப்படியே சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. உள்ளே ஆயில் குறைந்தாலும் வேகத்தடையில் இரும்போடு இரும்பு இடிக்கும். இவை எல்லாமே சாதாரண வேலைகள். எந்த ஊர்ப் பட்டறையிலும் அரை நாளில் முடித்துவிடுவார்கள்.

கட்டு ஏற்றினால் வரும் சத்தம்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி, "செயின் லூஸாக இருக்கிறது என்று டைட் வைத்தார்கள், அதற்கப்புறம்தான்" என்பது. சுமை இல்லாமல் போகும்போது அந்தச் சத்தம் அவ்வளவாக வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மெயின் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டிருக்கும். அப்போது செயின் கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும், தெரியவும் வேண்டும். சுமை ஏறி வண்டி அமுங்கும்போது பின் சக்கரம் மேலே வருகிறது. அப்போது முன் பல்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கூடுகிறது. அந்தத் தூரத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் அந்தத் தளர்வு. அதை ஸ்டாண்டில் வைத்தே முழுக்க இழுத்துக் கட்டிவிட்டால், நீங்கள் ஐம்பது கிலோ ஏற்றியதும் செயின் வில் நாண் போல விறைத்துவிடும். 'ஊய்ங்' என்ற அந்த இழுவைச் சத்தம் பெரும்பாலும் அதுதான். சத்தத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. விறைத்த செயின் இன்ஜினின் முன் பல்சக்கர பேரிங்கையும் பின் சக்கர பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஸ்பிளெண்டரில் செயின் முழுவதும் கவருக்குள் மூடியிருக்கிறது. மண், தண்ணீர் படாமல் காப்பதால் அது நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கவரில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அந்த மூடியைக் கழற்றிச் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைக் கால் சுற்று கையால் திருப்பி மறுபடி பாருங்கள், அப்புறம் இன்னொரு கால் சுற்று. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. ஓரிடத்தில் ஓர் அங்குலம் ஆடும், இன்னொரு இடத்தில் அரை அங்குலம்கூட ஆடாது. அளவு வைக்க வேண்டியது அந்த இறுக்கமான இடத்தில்தான். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டாக மாற்றுவதே வழி. செலவைக் குறைக்கச் செயினை மட்டும் மாற்ற வேண்டாம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரமே கெட்டுவிடும்.

கடைசியாகக் கட்டுகளை ஏற்றி, நீங்கள் வண்டியை நேராகப் பிடித்தபடி அதில் உட்கார்ந்துகொண்டு, அப்படி அமுங்கிய நிலையிலும் செயின் ஆடுகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். சுமையோடு ஓட்டும் வண்டிக்கு இந்த அளவுதான் முக்கியம்.

இடையிடையே வரும் 'கர கர' செயின் கவரில் உரசுவதாக இருக்கலாம். கவரைப் பிடிக்கும் போல்ட் ஒன்று இல்லாமல் போனாலே போதும், தகரம் உள்ளே சாய்ந்துவிடும். கவரைக் கழற்றினால் உள்பக்கத்தில் செயின் உரசிய இடம் வெள்ளிக் கோடு போலப் பளிச்சென்று தெரியும். அங்கே துருவே இருக்காது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

அதையும் சரிசெய்து, செயினும் சரியாக இருந்து, சத்தம் மட்டும் தொடர்ந்தால் பின் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின்னால் ஒரு இடி விழுந்தால் பின் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் ரப்பர் தேய்ந்திருக்கும்.

காலையில் வரும் 'கட கட'

இன்ஜின் சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான். இதற்கு நான் மூன்று சந்தேகங்கள் வைக்கிறேன்.

முதலாவது டைமிங் செயின். இன்ஜினுக்குள் பிஸ்டனால் சுழலும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கும் சின்னச் செயின் அது. அதைத் தளராமல் பிடிக்க ரோலரும், ஸ்பிரிங் வைத்த ஒரு தண்டும் இருக்கின்றன. 90,000 கிலோமீட்டரில் செயின் நீண்டு ரோலர் ரப்பர் தேய்ந்திருப்பது இயல்பு. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அது மறுபடி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை செயின் அடித்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் அடங்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இதை மாற்ற மேக்னட் பக்க கவரையும் ஹெட் பக்கத்தையும் திறக்க வேண்டும், ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. இறக்கி முழு வேலை செய்வதற்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

இரண்டாவது டேப்பட். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். அது கூடினால் 'டிக் டிக்' என்று வரும், சூடானாலும் முழுதாகப் போகாது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். டேப்பட் சத்தமே வரக்கூடாது என்று பலர் மெக்கானிக்கை வற்புறுத்துகிறார்கள், அவரும் இடைவெளியே இல்லாமல் இறுக்கிக் கொடுத்துவிடுகிறார். வண்டி அமைதியாகிவிடும். ஆனால் சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கிவைக்கிறது. உட்கார முடியாவிட்டால் கருகிப் போகும். மெல்லிய தையல் மெஷின் சத்தம் போல ஒரே சீராகக் கேட்டால் அது ஆரோக்கியமான இன்ஜின். அளவு வைப்பது இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, ஃபீலர் கேஜ் வைத்துத்தான். காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டால் நல்லது.

மூன்றாவது சந்தேகத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே ஒருவருக்கு நஷ்டம் வைத்திருக்கிறேன். பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு பால்காரர் வண்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஹெட்டில் 'டட் டட் டட்', சூடானால் காணோம். டேப்பட் வைத்தேன், போகவில்லை. ஹெட்டைக் கழற்றினேன், ராக்கர் மாற்றினேன், போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் எதேச்சையாக ஹெட்டுக்கு அடியில் கையைக் கொண்டுபோனபோது விரலில் 'புஸ் புஸ்' என்று காற்று அடித்தது. சைலன்ஸர் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் வாஷர் நைந்து புகை கசிந்திருக்கிறது. குளிரில் இடைவெளி, சூட்டில் உலோகம் விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது. ஒரு வாஷரும் இரண்டு நட்டும்தான் வேலை. ராக்கருக்கு வாங்கிய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள் பால் வியாபாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே உங்கள் வண்டியில் முதலில் அதைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில், பைப்பைத் தொடாமல், அந்த இணைப்புக்கு அருகே கையைக் காட்டுங்கள். காற்று அடிக்கிறதா, சுற்றிலும் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பைப் சீக்கிரமே சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் கையை எடுத்துவிடுங்கள்.

சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிய இன்னொரு வழி உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஓரிடத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேளுங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். ஹெட், இடது பக்கம், வலது பக்கம், அடிப்பாகம் என்று மாற்றி மாற்றி வைத்தால் எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே கோளாறு. மகன் ஃபோனில் பதிவு செய்து அனுப்பிய ஒலியையும் கேட்டேன். ஃபோனில் கனமான சத்தங்கள் சரியாகப் பதிவாகாது, எல்லாமே டிக் டிக் என்றுதான் கேட்கும். அதை வைத்து யாராவது முடிவு சொன்னால் நம்ப வேண்டாம்.

கெட்டி ஆயில் பற்றி

உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொல்வது 10W-30. அதைவிடக் கெட்டியான ஆயில் இடைவெளிகளில் மெத்தை போல உட்கார்ந்து சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். கோளாறு அப்படியேதான் இருக்கும். கூடவே காலைக் குளிரில் மேலே கேமுக்கு ஏறிச் சேர அதிக நேரம் பிடிக்கும். "இப்போது சத்தம் குறைவு, ஆனால் அடங்க நேரமாகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய கிரேடுக்கே திரும்புங்கள். டப்பாவில் JASO MA என்று, அதாவது பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறியீடு, போட்டிருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் ஆபத்து உண்டு.

ஆயில் அளவைச் சரியாகப் பார்ப்பதும் முக்கியம். சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகி எடுத்தால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பல இன்ஜின்கள் ஆயில் குறைந்துதான் போகின்றன, வயதாகி அல்ல.

எப்போது உண்மையிலேயே இறக்க வேண்டும்?

இன்ஜினை இறக்கச் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சில அறிகுறிகள் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். அடிவயிற்றிலிருந்து வருவது போல 'டொக் டொக்' என்று கனமான சத்தம், மேடு ஏறும்போது கூடுவது, சூடாகச் சூடாகப் பலமாவது: இது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் அல்லது கிராங்க் பேரிங். அதற்கு மேல் ஓட்டவே கூடாது, வேறு வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை, மாதம் ஒருமுறை ஆயில் ஊற்ற வேண்டிய நிலை, மேட்டில் இழுவை இல்லாமை மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் ரிங்கும், போர் என்னும் சிலிண்டர் உட்சுவரும் தேய்ந்திருக்கின்றன. காலையில் ஒரு முறை மட்டும் புகை வந்து நின்றுவிட்டால் அது வால்வு சீலாக இருக்கலாம், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவைப்படாது.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. புகை இல்லை, ஆயில் குறையவில்லை, கட்டோடு மேடு ஏறுகிறது. ஆகவே இன்றைக்கு இன்ஜினை இறக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டறையில் என்ன கேட்பது?

மகனிடம் பேசினார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நியாயமான வருத்தம். வண்டி உங்களுடையது, பணம் உங்களுடையது, தினம் அதில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பவரும் நீங்கள்தான். "இன்ஜினில் சத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். "காலையில் குளிரில் அரை நிமிடம் மட்டும், நியூட்ரலில், கிளட்ச் பிடித்தாலும் மாறவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட எந்த மெக்கானிக்கும் உங்கள் பக்கம் திரும்பித்தான் பேசுவார்.

மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும். "எதைத் திறப்பதானாலும் எனக்கு ஃபோன் செய்துவிட்டுத் திறங்கள், கழற்றிய பழைய சாமானை எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரீபோர் வேண்டும் என்றால் போர் அளந்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய பிஸ்டன் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாக வரும். அளக்காமல் எந்த பிஸ்டன் போடுவது என்று யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை சரியாகச் செய்யாவிட்டால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் விசாரிக்கலாம். ஆனால் பில் இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம், அதனால் பில் வாங்காமல் வராதீர்கள். உள்ளூர்ப் பட்டறையோடு தகராறு வந்தால் முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பெரும்பாலும் பேசித் தீர்ந்துவிடும்.

பதினைந்து வருடம் ஆனால்?

அக்கா மகன் சொன்னது டெல்லி கதை. அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு நீதிமன்ற உத்தரவுகளால் வந்தது. நமக்குப் பொருந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும், அப்புறம் வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், படிவம் 25. கட்டணத்தோடு பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டு ஓட்டாதீர்கள். அபராதம் ஒரு பக்கம், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் இன்னொரு பக்கம்.

விற்பதைப் பற்றி என் கருத்து: சத்தத்தோடு விற்றால் வாங்குபவரும் "இன்ஜின் வேலை இருக்கிறது" என்றுதான் விலை பேசுவார், நீங்கள் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பீர்கள். புது வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும். உங்களுடையது முதல் கை வண்டி, எல்லா ஊரிலும் சாமான் கிடைக்கும் மாடல். சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விற்க மனம் வந்தால் அப்போது நல்ல விலை கேட்கலாம்.

வேலையை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் முன்பக்கம், கூடவே செயின் அளவு. பெண்ட் பைப் வாஷர், டேப்பட் இரண்டையும் அடுத்த வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் காலைச் சத்தம் இருந்தால் டைமிங் செயின் செட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள், ஒரு மாதம் பொறுக்கலாம். கோன் செட் முடியும்வரை பாதிக் கட்டு மட்டும் ஏற்றி, இரண்டு நடையாகப் போய் வாருங்கள். அந்தப் பாலத்து வழி வேண்டாம், சுற்று வழி இருந்தால் அதில் போங்கள். பழைய ரேஸை மெக்கானிக்கிடம் வாங்கி, துணியால் துடைத்து, உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குழி எத்தனை, எந்தப் பக்கம் ஆழம் என்று தெரிந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.